எலியைப் படித்தால் வேலை கிடைக்குமா? ஓர் அப்பாவுக்குப் பதில்

வணக்கம் சார்.

"நீட் மாதிரித் தேர்வில் மார்க் ஏறவே இல்லை. இப்போது வைரஸ், பரிணாமம் என்று புதிதாக ஏதோ சொல்கிறாள். இதைப் படித்தால் சோறு கிடைக்குமா?" என்று எழுதியிருந்தீர்கள். சோற்றுக்குப் பிறகு வருகிறேன். போன சனிக்கிழமை உங்கள் மகளிடம் ஒரு மணி நேரம் பேசினேன், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

பையிலிருந்து ஒரு நீள நோட்டை எடுத்தாள். எலி, வெள்ளெலி, நாய், மனிதன் என்று நாலு உயிரினங்களில் இருக்கும் ஒரே புரதத்தை, அமினோ அமிலத்துக்கு ஓர் எழுத்து என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எழுத்து மாறிய இடத்தில் எல்லாம் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் வட்டம் போட்டிருந்தாள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் தரவுதான். யார் செய்யச் சொன்னார்கள் என்று கேட்டேன். "யாரும் சொல்லல சார், சும்மா" என்றாள்.

அந்தப் புரதத்துக்கு டிரான்ஸ்ஃபெரின் ரிசப்டர் என்று பெயர். செல்லுக்குள் இரும்புச்சத்து போகும் வாசல் அது. எலிகளில் தாய்ப்பால் வழியாகக் குட்டிக்குத் தொற்றி மார்புப் புற்றை உண்டாக்கும் ரெட்ரோவைரஸ் ஒன்று (எச்ஐவியும் ரெட்ரோவைரஸ்தான்; இதை எம்எம்டிவி என்பார்கள்) இந்த வாசலைப் பிடித்துத்தான் உள்ளே நுழைகிறது. வாசலை ஒரேயடியாக அடைக்க முடியாது. அடைத்தால் இரும்பும் வராது, குட்டி கருவிலேயே செத்துவிடும். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் சாரா சாயரின் குழு பல கொறிவிலங்குகளின் இந்த மரபணுவை ஒப்பிட்டு 2013-ல் ஒரு கட்டுரை வெளியிட்டது. இரும்பைச் சுமந்துவரும் புரதம் வந்து உட்காரும் பகுதி அவ்வளவாக மாறவில்லை. எம்எம்டிவி தொடும் இடத்திலும், அரீனாவைரஸ் என்ற வேறொரு கூட்டம் தொடும் இடத்திலும்தான் எழுத்துகள் திரும்பத் திரும்ப மாறியிருந்தன. ஏறக்குறைய 760 அமினோ அமிலம் உள்ள புரதத்தில் விரல் விட்டு எண்ணக்கூடிய சில இடங்கள்!

வேண்டுமென்றே தப்பாக ஒரு கேள்வி கேட்டேன்: "எலி எப்படிம்மா அந்த இடத்தை மட்டும் பார்த்து மாத்துச்சு?"

"எலி மாத்தல சார். தற்செயலா மாறியிருந்த எலி பொழச்சிருக்கு."

முதுகலை மாணவர்களே சறுக்கும் இடம் சார் இது. விடாமல் இன்னொன்று கேட்டேன். எச்ஐவி நுழையும் சிசிஆர்5 என்ற வாசலின் மரபணுவில் 32 எழுத்துகள் இல்லாமல் பிறக்கும் ஐரோப்பியர்கள் உண்டு. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் அந்தக் குறை வந்துவிட்டால், வழக்கமான எச்ஐவி அநேகமாகத் தொற்றாது. அப்படியானால் எச்ஐவி வந்ததால்தான் இது வந்ததா? கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எச்ஐவி மனுஷனுக்கு வந்தே நூறு வருஷம்தானே, அதுக்குள்ள எப்படி?" என்றாள். சரியான பதில். அந்தக் குறை அதைவிட மிகப் பழையது. ஆப்பிரிக்காவில் செந்தலை மங்கபே என்ற குரங்குகளில் பெரும்பாலானவற்றுக்கும் அதே வாசலின் மரபணுவில் 24 எழுத்துகள் இல்லை. அதைத் தொற்றும் வைரஸோ சிசிஆர்2 என்ற பக்கத்து வாசல் வழியாக நுழையப் பழகிவிட்டது. இதைச் சொன்னதும் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

இனி சோறு. ஐசர் (மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்கள்) நுழைவுத் தேர்வில் 60 கேள்விகள்: இயற்பியல், வேதியியல், உயிரியல், கணக்கு என்று பாடத்துக்குப் பதினைந்து. பயோ-மேத்ஸ் குரூப் எடுத்துவிட்டு, நீட் கோச்சிங் போன நாளிலிருந்து கணக்குப் புத்தகத்தைத் தொடவே இல்லை என்கிறாள். என் ஒரே கவலை அதுதான். அந்த நோட்டு வேலையை ஆயிரம் உயிரினங்களுக்குச் செய்யப் பேனா போதாது, புள்ளியியலும் பைத்தான் என்ற கணினி மொழியும் வேண்டும். நாளையிலிருந்து தினம் ஒரு மணி நேரம் கணக்கு போடச் சொல்லுங்கள்.

இடம் கிடைத்தால் இளங்கலையும் முதுகலையும் சேர்ந்த ஐந்து வருட பிஎஸ்-எம்எஸ். கிடைக்காவிட்டால் நல்ல கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. உயிர்தொழில்நுட்பமோ விலங்கியலோ படித்து, ஜாம் அல்லது கேட்-பி (GAT-B) என்ற நுழைவுத் தேர்வை எழுதி முதுகலைக்குப் போகலாம். இதற்காக ஒரு வருடத்தை வீணாக்க வேண்டாம். அதன்பின் பிஎச்.டி.க்கு ஐந்தாறு வருடம். நீளம்தான், மறைக்கவில்லை. ஆனால் சிஎஸ்ஐஆர் ஜெஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் உண்டு. (கல்யாணத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதற்கு நான் ஆள் இல்லை சார்.)

பேராசிரியர் வேலை குறைவு, போட்டி அதிகம். அதை மட்டும் நம்பி அனுப்பாதீர்கள். வைரஸ் எந்த வாசல் வழியாக நுழைகிறது என்று தெரிந்தவர்களுக்கு ஜீன் தெரபியில், அதாவது செல்லுக்குள் மரபணுவைச் சேர்த்துச் செய்யும் சிகிச்சையில் வேலை இருக்கிறது. அங்கே தீங்கு நீக்கிய வைரஸ்தான் வண்டி. 2023-ல் இந்தியாவில் அனுமதி பெற்ற முதல் கார்-டி புற்றுநோய்ச் சிகிச்சை (நோயாளியின் நோய் எதிர்ப்புச் செல்லையே மாற்றிப் புற்றோடு மோத விடுவது) ஐஐடி பாம்பேயில் பிறந்தது. நோயாளியின் செல்லுக்குள் மரபணுவை அதில் கொண்டுபோய்ச் சேர்ப்பது எச்ஐவி குடும்பத்து வைரஸிலிருந்து செய்த வண்டிதான். தடுப்பூசி நிறுவனங்கள், மரபணுத் தரவு ஆய்வு என்று வேறு வழிகளும் இருக்கின்றன.

நீட்டையும் எழுதட்டும், தடுக்க வேண்டாம். ஐசர் விண்ணப்பம் திறந்ததும் சொல்லுங்கள், சேர்ந்து உட்கார்ந்து நிரப்பலாம். வரும்போது அந்த நோட்டையும் எடுத்துவரச் சொல்லுங்கள். நாய் வரியில் ஒரு வட்டத்தைத் தப்பான இடத்தில் போட்டிருக்கிறாள், அன்றைக்குச் சொல்ல மனம் வரவில்லை.