பழைய மடிக்கணினியில் லினக்ஸ்: கேள்வி பதில்

வேளச்சேரியிலிருந்து: ஐயா, 2013-இல் வாங்கிய மடிக்கணினி, 4 ஜிபி ரேம். லினக்ஸ் போடலாமா?

விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸைத் தாராளமாகப் போடலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது; விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு உங்கள் கணினியில் இருக்காது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான லினக்ஸ் மிண்டின் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான பதிப்பு 2 ஜிபி ரேமிலேயே இயங்கும், 4 ஜிபி இருந்தால் வசதியாக இயங்கும். நிறுவுவதற்கு முன் பென்டிரைவிலிருந்தே அதை இயக்கி, வைஃபை, ஒலி, டச்பேட் ஆகியவை வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். பிராட்காம் வைஃபை சில்லு இருந்தால் தனி டிரைவர் தேவைப்படலாம் என்பதால், கைபேசியை யுஎஸ்பி வழியே இணைத்து இணையம் பெற ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அதற்கும் முன்பாக, படங்களையும் ஆவணங்களையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து, அந்த நகல் வேறொரு கணினியில் திறக்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். உள்ளே இன்னும் பழைய ஹார்டு டிஸ்க்தான் இருக்கிறதென்றால், ரிச்சி தெருவில் ஓர் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பகம்) வாங்கி மாற்றுங்கள். வேகத்தில் மென்பொருளைவிட அதுவே பெரிய வித்தியாசத்தைத் தரும்.

பெரம்பூரிலிருந்து: என்னுடையது 32 பிட், 1 ஜிபி ரேம்.

லினக்ஸின் இன்னொரு வகையான டெபியனின் 13-ஆம் பதிப்பு 32 பிட் கணினிகளுக்கான நிறுவியைக் கைவிட்டுவிட்டது. டெபியன் 12 நிறுவலாம், ஆனால் இணைய உலாவி திணறும்.

தாம்பரத்திலிருந்து: தமிழில் தட்டச்சு செய்ய முடியுமா?

முடியும். 1999-இல் நம் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டித் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 என்ற விசைப்பலகை முறை, லினக்ஸின் விசைப்பலகை அமைப்புகளிலேயே இருக்கிறது. தனியாக எதையும் வாங்க வேண்டாம்.

அடையாறிலிருந்து: மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னைப் பிரிவு உருவாக்கிய பாஸ் லினக்ஸைப் பரிந்துரைக்காமல் மிண்டைச் சொல்வது ஏன்?

பாஸ் மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் புதியவர் ஒருவர் இரவு பதினொரு மணிக்கு வைஃபை கிடைக்காமல் தவிக்கும்போது, அதே சிக்கலைத் தீர்த்தவர்கள் எழுதி வைத்த குறிப்புகள் மிண்டுக்கே ஏராளமாகக் கிடைக்கின்றன.

அடையாறு, மீண்டும்: எவரும் பயன்படுத்தாவிட்டால் அது எப்படி வளரும்?

நியாயமான கேள்வி. அனுபவமுள்ள நாம் பயன்படுத்தி, பிழைகளைக் கண்டு, தமிழில் குறிப்புகள் எழுத வேண்டும். வீட்டில் இருக்கும் ஒரே கணினியைக் கொண்டுவரும் மாணவரின் தலையில் அந்தப் பொறுப்பைச் சுமத்தக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

அம்பத்தூரிலிருந்து: எந்த லினக்ஸ் நல்லது?

முதல் பதிலைப் படியுங்கள்.

போரூரிலிருந்து: விண்டோஸையும் வைத்துக்கொண்டு நிறுவலாமா?

நிறுவலாம். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் வழியாகவே இடத்தைச் சுருக்கி, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற விரைவுத் தொடக்க வசதியை நிறுத்துங்கள். டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டும் பிட்லாக்கர் இருந்தால் அதன் மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். நகலெடுக்காமல் இவற்றில் எதையும் தொடங்காதீர்கள்.