அந்த டிக்க எடுங்க தம்பி

அண்ணா, எங்க ஆடிட்டர் ஆபீஸ் விண்டோஸ் சர்வர்ல டி டிரைவ்ல எனக்குன்னு ஒரு ஃபோல்டர், எல்லாருக்கும் பொதுவா ஒரு ஷேர் ஃபோல்டர். என்னோடதுல இருந்த ஜிஎஸ்டி ஃபோல்டர கட் பண்ணி ஷேர்ல பேஸ்ட் பண்ணேன். எனக்கு தொறக்குது, மத்தவங்களுக்கு ஆக்சஸ் டினைட். ஷேரிங் டேப்ல எவ்ரிஒன்னுக்கு ஃபுல் கண்ட்ரோல் குடுத்தும் அதேதான். மேல் ஃபோல்டர்ல 'ரீப்ளேஸ் ஆல் சைல்டு' டிக் அடிச்சு ஒரேயடியா முடிச்சிடவா? இல்ல லினக்ஸுக்கு மாறிடலாமா?
– கோ., ஈரோடு

தம்பி கோ.,

லினக்ஸ விடுங்க. அங்க போயி எல்லாத்துக்கும் 777 (யாரு வேணா என்ன வேணா பண்ணலாம்ங்கற பெர்மிஷன்) போட்டுட்டு எனக்கே இன்னொரு லெட்டர் எழுதுவீங்க.

ஒரே டிரைவுக்குள்ள கட் பண்ணி ஒட்டுனா ஃபைல் அசையறதே இல்ல, பேரேட்டுல ஒரு வரி மாறுது அவ்வளவுதான், அதனால பழைய வீட்டு பெர்மிஷனோடயே புது வீட்டுல வந்து உக்காந்துக்கும். காப்பி பண்ணியிருந்தா புது ஃபைல், புது ஃபோல்டரோட பெர்மிஷன் தானா வந்திருக்கும். வேற டிரைவுக்கு கட் பண்ணாலும் காப்பி கணக்குதான். ஷேரிங் டேப் தெரு கேட்டு, செக்யூரிட்டி டேப் வீட்டுக் கதவு. நெட்வொர்க்ல வர்றவங்களுக்கு ரெண்டும் தொறந்திருக்கணும். நீங்க தெரு கேட்ட மட்டும் ஊருக்கே தொறந்து வச்சிருக்கீங்க, அத மொதல்ல ஆபீஸ் ஆளுங்களுக்கு மட்டும்னு மாத்துங்க.

ஆனா அந்த டிக்கு. படிச்சதும் பகீர்னு ஆயிடுச்சு.

2004ல ஒரு மில் ஆபீஸ்ல சிஸ்டம் பாத்துக்கற பையன் நான். யாருக்கோ ஒரு ஃபோல்டர் தொறக்கலன்னாங்க, நான் நேரா உச்சி ஃபோல்டருக்குப் போயி இதே டிக்க அடிச்சேன், என்னமோ எச்சரிக்கை வந்துச்சு, படிக்காம எஸ் குடுத்துட்டு டீ குடிக்கப் போயிட்டேன். கீழ சம்பள ஃபோல்டர் ஒண்ணு இருந்துச்சு. அதுல இன்ஹெரிட்டன்ஸ, அதாவது மேல் ஃபோல்டர் பெர்மிஷன் தானா கீழ எறங்கறத, அறுத்து ரெண்டே ரெண்டு பேருக்கு மட்டும் வச்சிருந்தாங்க. இந்த டிக் என்ன பண்ணும்னா கீழ யாரு அறுத்து வச்சிருந்தாலும் திரும்ப ஒட்டிடும், தனியா குடுத்த பெர்மிஷன தொடைச்சிடும். மறுநாள் மத்தியானத்துக்குள்ள எவன் சம்பளம் எவ்வளவுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு.

ஸ்டோர்ஸ்ல பத்தொன்பது வருஷமா இருந்த ஒரு அண்ணன், புதுசா சேந்த பையனுக்கு தன்னவிட எண்ணூறு ரூபா கூடன்னு பாத்துட்டாரு. சண்டையெல்லாம் போடல. என் டேபிள்கிட்ட வந்து, "இது நெசமா தம்பி?"ன்னாரு. பழைய ஃபைலா இருக்கும்ணேன்னு வாய் கூசாம பொய் சொன்னேன். அன்னிக்கி அவரு தூக்குச்சட்டி தொறக்காமலே வீட்டுக்குப் போச்சு. அதுக்கப்புறம் என்னை சார்னுதான் கூப்டாரு.

அறுந்து கிடக்கறதெல்லாம் ரிப்பேர் இல்ல தம்பி. செக்யூரிட்டி டேப்ல அட்வான்ஸ்டுக்குள்ள போயி பாருங்க, பட்டன்ல 'எனேபிள் இன்ஹெரிட்டன்ஸ்'னு இருந்தா அந்த எடத்துல அறுந்திருக்குன்னு அர்த்தம், பெரும்பாலும் யாரோ யோசிச்சு அறுத்திருப்பாங்க. உங்க ஆபீஸ்ல பார்ட்னருங்க ஃபோல்டர் இருக்கும், கிளையன்ட்டோட பாஸ்வேர்டு லிஸ்ட் இருக்கும், யாரு பூட்டுனா எதுக்குப் பூட்டுனான்னு கேக்காம ஒரு டிக்குல தொறந்து விடுவீங்களா? அன்டூ கிடையாது அதுக்கு. கன்ட்ரோல் இசட் அடிச்சுப் பாத்தவன் சொல்றேன்.

ஐகாக்ல்ஸ்னு (icacls) ஒரு கமாண்ட் இருக்கு. அதுல ஸேவ் (/save), கூடவே ஸ்லாஷ் டி (/t) போட்டு இப்ப இருக்கற பெர்மிஷன் மொத்தத்தையும் ஒரு ஃபைல்ல எடுத்து வைங்க, இத மட்டும் தயவுசெஞ்சு தள்ளிப் போடாதீங்க. அப்புறம் அந்த ஜிஎஸ்டி ஃபோல்டர் மேல மட்டும் ஐகாக்ல்ஸ் ரீசெட் (/reset), உள்ள இருக்கறதுக்கும் போகணும்னா ஸ்லாஷ் டி. மேல் ஃபோல்டர்ல உள்ள பெர்மிஷன் அப்படியே எறங்கிடும், அதோட செக்யூரிட்டி டேப்ல ஆபீஸ் குரூப் பேரு இருக்கான்னு மட்டும் முன்னாடியே பாத்துக்கங்க. உச்சியில கை வைக்காதீங்க.