கம்பெனி வேலையாக வெளிநாட்டில் சில மாதம் தங்குபவர்களின் அன்றாட வாழ்க்கை எப்படி இருக்கும்?

பகல் பொழுதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆபீஸ் எங்கேயும் ஆபீஸ்தான். ஆளைச் சோதிப்பது சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும்.

நான் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைப் பராமரிப்பில் இருக்கிறேன். பயிற்சி, மீட்டிங் என்று ஜெர்மனியின் வடக்குப் பகுதிக்கு அனுப்புவார்கள். தென்மேற்குப் பருவக்காற்று கணவாய் வழியாக முப்பந்தலில் வந்து அடிக்கும் மாதங்களில் ஒரு ஆளையும் விடமாட்டார்கள். காற்றாடி நின்றால் காசு நின்றது. அதனால் எங்கள் பயணமெல்லாம் சீசன் ஓய்ந்த பிறகுதான், அதாவது அங்கே நல்ல குளிர்காலத்தில். டிசம்பரில் எட்டரைக்கு விடிந்து, நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். வெயிலைப் பார்க்க வேண்டுமென்றால் மதிய இடைவேளையில் வெளியே வந்தால்தான் உண்டு.

வீட்டுக்குப் பேசவும் அந்த இடைவேளைதான். குளிர்காலத்தில் நாலரை மணி நேர வித்தியாசம். வேலை முடிந்து அறைக்கு வந்து கூப்பிட்டால் நாகர்கோவிலில் ராத்திரி பத்து, மகள் தூங்கியிருப்பாள். அங்கே பன்னிரண்டு என்றால் ஊரில் நாலரை, பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பாள். ஒரு கையில் ரொட்டி, மறுகையில் போன், வாய்ப்பாடு கேட்டுக்கொண்டே பார்க்கிங்கில் நடப்பேன். ஜெர்மன்காரர்கள் ஒரு மாதிரிதான் பார்ப்பார்கள், பார்க்கட்டும்.

அப்புறம் சாப்பாடு. கம்பெனியிடம் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அடம்பிடியுங்கள்: ஓட்டல் ரூம் வேண்டாம், அடுப்பு உள்ள சர்வீஸ் அபார்ட்மென்ட் வேண்டும். ஓட்டல் காலை உணவு முதல் வாரம் விருந்து, மூன்றாவது வாரம் தண்டனை. தினப்படியை மிச்சம் பிடிக்க மூன்று வேளையும் நூடுல்ஸும் ரெடிமேட் உப்புமாவுமாக ஓட்டுகிறவர்கள் உண்டு. ஊருக்குத் திரும்பியதும் அந்தக் காசு டாக்டருக்குப் போகும். சொந்தமாகப் பொங்கினால் செலவும் குறையும், சாயங்காலமும் ஒரு வழியாகக் கழியும். பெரிய நகரங்களில் ஈழத்தமிழர் கடைகள் இருக்கின்றன. சிவப்பரிசி, தேங்காய்ப்பால், உறைய வைத்த மரச்சீனிக் கிழங்கு எல்லாம் கிடைக்கும். கிழங்கை அவித்து மீன்கறி வைத்துவிட்டால் நம்ம ஊர்க்காரனுக்கு வேறென்ன வேண்டும்? தேங்காய் எண்ணெயில் கடுகு தாளிக்கும் முன் ஜன்னலைத் திறந்து வையுங்கள், இல்லையென்றால் புகை அலாரம் கட்டிடத்தையே எழுப்பிவிடும்.

பெட்டி கட்டும்போது அம்மை நெய்யும் பால்கோவாவும் திணிப்பாள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பால், இறைச்சிப் பொருட்களுக்கு அனுமதி இல்லை. பச்சைக் கறிவேப்பிலைக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். வாழைப்பழத்துக்கும் தேங்காய்க்கும் அந்தச் சான்றிதழ் வேண்டாம் என்பது நமக்கென்றே எழுதிய விதி போல இருக்கும். ஆனால் கொப்பரையை விமானத்திலேயே ஏற்றமாட்டார்கள், எண்ணெய்ச் சத்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் சரக்குகளில் அதுவும் ஒன்று. கருவாட்டைச் சட்டம் தடுக்கவில்லை, பக்கத்து வீட்டுக்காரர் தடுப்பார். வறுத்துப் பொடித்த தேங்காய்ச் சம்மந்திதான் பிரச்சினை இல்லாத துணை.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. சூப்பர் மார்க்கெட்டே பூட்டிக் கிடக்கும். பெரிய ரயில் நிலையக் கடைகளும் பெட்ரோல் பங்குகளும்தான் திறந்திருக்கும். கிறிஸ்துமஸில் இன்னும் மோசம்: 24ஆம் தேதி மதியத்தோடு மூடினால் 25, 26 இரண்டு நாளும் பொது விடுமுறை. ஊரில் தெருத்தெருவாக ஸ்டார் கட்டி, குடில் போட்டு, பாட்டும் வெடியுமாக இருக்கும் அந்த நேரத்தில் அங்கே சாலையில் ஆளே இருக்காது. அவரவர் வீட்டுக்குள் அவரவர் குடும்பம். 23ஆம் தேதியே அரிசி, முட்டை, பால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற வார இறுதிகளில் அறைக்குள் படுத்துக் கிடக்காதீர்கள். 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கிய டாய்ச்லாண்ட் டிக்கெட் இப்போது விலை ஏறிவிட்டது, ஆனாலும் லாபம்தான். அதிவேக ரயில்கள் தவிர்த்து, நாடு முழுக்க உள்ளூர், வட்டார ரயில்களில் மாதம் பூராவும் சுற்றலாம். மாதச் சந்தா என்பதால், திரும்பும் மாதத்தின் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்ய மறக்காதீர்கள். குடித்த பாட்டில்களையும் எறியாதீர்கள், பெரும்பாலான பிளாஸ்டிக் பாட்டில்களுக்குக் கடை மெஷின் 25 சென்ட் திருப்பித் தரும்.

குமரி மாவட்டத்தில் வெளிநாடு என்றால் கல்ஃப்தான். போனால் இரண்டு வருஷம், வந்தால் பெட்டி நிறைய சோப்பும் சென்ட்டும். ஷெங்கன் (ஜெர்மனி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான) குறுகிய கால விசாவில் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் தங்க முடியும் என்று மார்த்தாண்டத்து மாமியிடம் எப்படி விளக்குவது? "என்ன மக்களே, போன வேகத்துல வந்துட்டியே, வேலையில இருந்து நிறுத்திட்டானுவளா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். போய்ச் சேரும் நாள், கிளம்பும் நாள் இரண்டும் அந்த 90-இல் சேரும், டிக்கெட் போடும்போது எண்ணிப் பாருங்கள்.

இன்னொன்று, பில். கடை ரசீதுகள் பெரும்பாலும் தெர்மல் பேப்பர், மாதக்கணக்கில் பர்ஸில் கிடந்தால் எழுத்து மங்கிவிடும். வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து, எதற்கான செலவு என்று பக்கத்தில் தமிழிலோ ஆங்கிலத்திலோ ஒரு வரி குறித்து வையுங்கள். கணக்குப் பிரிவில் இருப்பவருக்கு ஜெர்மன் தெரியாது.