ஆண் பிள்ளைக்குத் தாதி வேலையா?

கேள்வி: ஐயா, என் மூத்த மகன் உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. இரண்டாம் தடவை எழுதியும் மருத்துவ பீடத்துக்கு இசட் புள்ளி போதவில்லை. இப்போது தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கப் போகிறேன் என்கிறான். என் அண்ணா ஒரே பிடியாக நிற்கிறார்: "பெட்பான் தூக்கவா ஆம்பிளைப் பிள்ளையைப் படிக்க வச்ச? நாளைக்கு யாரு பொண்ணு குடுப்பா?" பிள்ளையின் அப்பா வாயே திறக்கிறாரில்லை. நான் என்ன செய்ய?
– ஒரு தாய், கொட்டாஞ்சேனை

பதில்: தங்கச்சி, பெட்பானிலிருந்தே தொடங்குகிறேன். கொழும்பில் அரசாங்க ஆஸ்பத்திரி வாட்டுகளில் 31 வருடம் தாதிய உத்தியோகத்தராக இருந்தவன் நான். நிறையவே தூக்கியிருக்கிறேன்.

ஆண்கள் சத்திரசிகிச்சை வாட்டில் ஓர் இரவு. ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த பெரியவர், எழுபது தாண்டியவர். குடலிறக்கத்துக்குச் சத்திரசிகிச்சை முடிந்து, மத்தியானத்திலிருந்து சிறுநீர் போகவில்லை. வேலையிலிருந்த மிஸ், அதாவது பெண் தாதி, மூன்று தடவை சிங்களத்தில் கேட்டிருக்கிறார். மூன்று தடவையும் இவர் தலையாட்டியிருக்கிறார். நான் போர்வையை விலக்கிப் பார்த்தால் அடிவயிறு தேங்காய் மாதிரித் திரண்டு நிற்கிறது. நெற்றியெல்லாம் வியர்வை. "ஏன் ஐயா சொல்லல்ல?" என்றேன். "அந்தப் புள்ளைக்கு என் பேத்தி வயசு தம்பி. அதுகிட்ட எப்பிடிச் சொல்றது?"

திரையை இழுத்துவிட்டுக் குழாய் போட்டேன். பையில் 800 மில்லிலீற்றருக்கு மேல் வந்தது. என் மணிக்கட்டைப் பிடித்தபடியே அவர் தூங்கிப்போனார்.

அந்த மிஸ்ஸைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாற்பது நோயாளிக்கு இரண்டு பேர் நின்ற இரவு அது, அதிலும் மறக்காமல் கேட்டவர் அவர். பெரியவருக்கு வெட்கம் ஒரு பக்கம், பாஷை ஒரு பக்கம். தமிழ் தெரிந்த ஓர் ஆண் அந்த வாட்டில் பகலிலேயே இருந்திருந்தால் அவர் அத்தனை மணித்தியாலம் துடித்திருக்க வேண்டாம். உங்கள் அண்ணாவிடம் இதைச் சொல்லுங்கள். நாளைக்கு அவருக்கே புரொஸ்டேட் வீங்கிச் சிறுநீர் அடைக்கக்கூடிய வயதுதான்.

இது நம் ஊர்க் குறை மட்டுமல்ல. உலகத் தாதியரில் பத்துக்கு ஒன்பது பேர் பெண்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் கணக்குச் சொன்னது. ஆண்கள் தாங்களாகவே ஒதுங்கியதால் மட்டும் இப்படி ஆகவில்லை, கதவையும் சாத்தி வைத்திருந்தார்கள். அமெரிக்க இராணுவத் தாதியர் படையில் ஆண்களுக்கு அதிகாரி நியமனம் கிடைக்க 1955 வரை ஆனது. அதே நாட்டில் மிசிசிப்பியிலிருந்த பெண்கள் பல்கலைக்கழகமொன்று, ஆண் என்பதற்காகவே ஜோ ஹோகன் என்பவரைத் தாதியியல் படிக்கச் சேர்க்கவில்லை. அவர் வழக்குப் போட்டு, 1982-இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் வென்றார்.

நம்மிடம் 'தாதி' என்ற சொல்லே பெண்ணைத்தான் காட்டுகிறது, அதனால் பிள்ளைகளுக்குக் கூச்சம். ஆனால் வள்ளுவர் மருத்துவத்தின் நான்கு கூறுகளை எண்ணும்போது நோயாளி, மருத்துவன், மருந்து, அப்புறம் பக்கத்திலிருந்து பார்ப்பவனையும் சேர்க்கிறார். அவர் போட்ட சொல் 'உழைச்செல்வான்'. எனக்கு அந்தச் சொல் மிகவும் பிடிக்கும்.

கலியாண விஷயம். ஒளிக்காமல் சொல்கிறேன், இந்த வேலையால் எனக்கு இரண்டு சம்பந்தம் தட்டிப்போனது. மூன்றாவது வீட்டில் பெண்ணின் அப்பா நீரிழிவுக் காலுக்கு நாள் தவறாமல் மருந்து கட்டுபவர். அவர் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

கஷ்டமும் இருக்கிறது. தீபாவளி, பொங்கல் என்றாலும் இரவு டியூட்டி வந்தால் வந்ததுதான். பாரமான நோயாளியைத் தூக்கவும், வெறியில் கத்துகிறவரைப் பிடிக்கவும் "அந்தத் தம்பியைக் கூப்பிடு" என்பார்கள். அதற்கு மட்டுமே தன்னை வைத்துக்கொள்ள அவன் விடக்கூடாது. ஊசி, மருந்து, காயம், குறிப்பு எழுதுவது எல்லாம் அவனுக்கும் உரிய வேலை.

சுகாதார அமைச்சின் பயிற்சி மூன்று வருடம். வர்த்தமானி வந்ததும் வயது, பெறுபேறு, ஆண்களுக்கான இடங்கள் எல்லாவற்றையும் வரிவரியாக வாசியுங்கள். கொழும்பு, யாழ்ப்பாணம், பேராதனைப் பல்கலைக்கழகங்களில் தாதியியல் பட்டமும் உண்டு. டொக்டராக முடியாத கவலைக்கு ஆறுதல் தேடித்தான் வருகிறான் என்றால் மட்டும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். சொந்தத்தில் யாராவது ஆஸ்பத்திரியில் இருந்தால் ஓர் இரவு துணைக்கு அனுப்புங்கள். காலையில் அவன் முகத்தைப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: நான் தாதியர் பயிற்சியில் இரண்டாம் வருட மாணவன். பெண்கள் வாட்டுக்குப் போனால் "மிஸ் இல்லையா?" என்று முகத்தைத் திருப்புகிறார்கள். மனம் விட்டுப்போகிறது.
– வத்தளை வாசகர்

பதில்: தம்பி, மேலே சொன்ன பெரியவருக்கு இருந்த வெட்கம் அந்த அம்மாவுக்கும் இருக்கும். அவர் வேண்டாம் என்றால் "சரி அம்மா, மிஸ்ஸைக் கூப்பிடுறேன்" என்று சொல்லி, சொன்னபடி கூப்பிடுங்கள். உடை விலக்க வேண்டிய வேலைக்கு எப்போதும் ஒரு பெண் தாதியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நேரத்தில் முதலில் உங்கள் பெயரைச் சொல்லி, என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லி, கேட்டுவிட்டுத் தொடுங்கள். கை குளிர்ந்திருந்தால் உரசிச் சூடாக்கிக்கொள்ளுங்கள். ஆண் என்பதால் உங்களை "டொக்டர்" என்றும் கூப்பிடுவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். அந்த இடத்திலேயே திருத்துங்கள்: "நான் டொக்டர் இல்லம்மா, உங்களைப் பார்க்கிற தாதி."