75 லட்சம் ஃபிளாட்டுக்கு 18 லட்சம் கையிருப்பு போதுமா?

கேள்வி: நானும் மனைவியும் வேலைக்குப் போகிறோம். இருவருக்கும் சேர்த்துக் கைக்கு வரும் சம்பளம் மாதம் 1,28,000 ரூபாய். ஆதம்பாக்கத்தில் 20,000 ரூபாய் வாடகையில் இருக்கிறோம். கார் லோன் தவணை 9,500. சேமிப்பு 18 லட்சம். மடிப்பாக்கத்தில் 12 வருடப் பழைய இரண்டு பெட்ரூம் ஃபிளாட், 950 சதுர அடி, 75 லட்சம் சொல்கிறார்கள். வங்கியில் 60 லட்சம் வரை கடன் கிடைக்கும் என்கிறார்கள். 30 வருடமாகப் போட்டால் தவணை குறையும் என்கிறார் ஏஜென்ட். பத்திரத்தில் 55 லட்சம் காட்டிவிட்டு மீதியை ரொக்கமாகத் தரலாம் என்கிறார் வீட்டுக்காரர். ஒரு வாரத்தில் அட்வான்ஸ் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இந்த வாரம் கொடுக்காதீர்கள். வீட்டில் குறை இருக்கிறதா என்பது அப்புறம். முதலில் உங்கள் கையிருப்பு இந்த விலைக்கு எட்டவில்லை.

75 லட்சம் வரை உள்ள கடன்களுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் தரக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. (30 லட்சம் வரையிலான கடனுக்கு 90 சதவீதம், 75 லட்சத்தைத் தாண்டினால் 75 சதவீதம்.) ஆக 60 லட்சம் வங்கி, 15 லட்சம் நீங்கள். பலர் கணக்கை இங்கேயே நிறுத்திவிட்டு, 18 இருக்கிறதே, 3 மிஞ்சுமே என்று நினைத்துக்கொள்கிறார்கள். பத்திரப்பதிவுச் செலவு இந்த 80 சதவீதக் கணக்கில் சேராது. மறுவிற்பனை ஃபிளாட்டுக்குத் தமிழ்நாட்டில் முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 சதவீதம்: 6,75,000 ரூபாய். ஏஜென்ட் கமிஷன் ஒரு சதவீதம் என்றால் 75,000. வக்கீல் ஒப்பீனியன், வங்கியின் பிராசஸிங் கட்டணம், மதிப்பீட்டாளர், அடமானப் பதிவு எல்லாம் சேர்த்து 60,000 வைத்துக்கொள்ளுங்கள். 12 வருடப் பழைய வீட்டில் பாத்ரூம் ஒழுகல், வயரிங், பெயின்ட், குடிபோகும் செலவு என்று 2 லட்சம் கரைந்துவிடும். கூட்டினால் 25 லட்சம். அதாவது விலையில் மூன்றில் ஒரு பங்கு. சென்னையில் பழைய ஃபிளாட் வாங்குகிறவர்கள் இந்த மூன்றில் ஒன்றை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

உங்களுக்கு 7 லட்சம் குறைகிறது. அதைத் தனிநபர் கடனிலோ நகை அடகிலோ நிரப்புவதுதான் வழக்கமாக நடக்கிற தவறு. முதல் மூன்று வருடம் இரண்டு கடனையும் சேர்த்துக் கட்ட வேண்டிவரும். ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் கையில் எதுவும் இருக்காது. மனைவி பெயரில் பதிந்தால் கட்டணம் குறையும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். பெண்கள் பெயரில் வாங்கும் சொத்துக்குப் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதக் குறைப்பு 2025 ஏப்ரலில் வந்தது உண்மை. அது 10 லட்சம் வரையிலான சொத்துக்கு மட்டும்தான்.

அடுத்து அந்த 55 லட்சம் யோசனை. பதிவுச் செலவில் 1,80,000 மிச்சமாகும் என்று காட்டுவார்கள். ஆனால் கிரய ஒப்பந்தத்தில் உள்ள தொகைக்குத்தான் வங்கி கடன் தரும்: 55-இல் 80 சதவீதம், 44 லட்சம். 16 லட்சம் கடனை இழந்து 1,80,000 மிச்சம் பிடிக்கிற கணக்கு இது. மீதி 31 லட்சத்துக்கு எங்கே போவீர்கள்? நாளைக்கு நீங்கள் விற்கும்போது உங்கள் கொள்முதல் விலை 55 என்றுதான் நிற்கும். மூலதன ஆதாய வரி அந்த அளவுக்குக் கூடும். சொத்து விற்பனையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதும் வருமான வரிச் சட்டப்படி குற்றம். வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விற்பவருக்கு வரும். இதை அவரிடம் சொல்லிப் பாருங்கள், பல நேரம் பேச்சு மாறும்.

இனி மாதக் கணக்கு. 60 லட்சம், 8 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் தவணை 50,186. முதல் மாதத் தவணையில் வட்டி 40,000, அசல் 10,186. மொத்த வட்டி சுமார் 60 லட்சம். ஏஜென்ட் சொல்கிற 30 வருடத்தில் தவணை 44,026 ஆகிறது. மாதம் ஆறாயிரம் குறைகிறது, மொத்த வட்டி சுமார் 98 லட்சமாகிறது. மாதம் ஆறாயிரத்துக்காக 38 லட்சம் கொடுப்பதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். 20 வருடத் தவணை கட்ட முடியாத வீடு, உங்கள் வருமானத்துக்குப் பெரிய வீடு.

வட்டி ஏறினால் என்ன ஆகும் என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். 2019 அக்டோபர் முதல் வங்கிகளின் புதிய மிதக்கும் வட்டி வீட்டுக் கடன்கள் வெளி அளவுகோலோடு, பெரும்பாலும் ரெப்போவோடு (வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி கடன் தரும் வட்டி), கட்டப்பட்டிருக்கின்றன. 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4-லிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏறியது. வட்டி ஏறும்போது வங்கி சத்தமில்லாமல் தவணையை அப்படியே வைத்துவிட்டுக் காலத்தை நீட்டும். உங்கள் 60 லட்சத்தில் 8 சதவீதம் 9 ஆனால், அதே 50,186-ஐக் கட்டி முடிக்க 20 வருடம் 25 வருடத்தைத் தாண்டும். 10 சதவீதமானால் முதல் மாத வட்டியே 50,000; அசலில் கழிவது 186 ரூபாய். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுப்படி, வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டுமா என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. தவணையைக் கூட்டச் சொல்லி எழுதிக் கொடுங்கள். 9 சதவீதத்தில் அது 53,984 ஆகும், அவ்வளவுதான்.

வங்கி சொல்லும் தகுதித் தொகை, நீங்கள் தவறாமல் கட்டுவீர்களா என்று வங்கி தனக்காகப் போடுகிற கணக்கு. பள்ளிக் கட்டணம், ஊரில் உள்ள பெற்றோர் செலவு, ஒருவர் வேலையில் இடைவெளி விழுவது எதுவும் அதில் இல்லை. எல்லாத் தவணைகளும் சேர்ந்து கைக்கு வரும் சம்பளத்தில் 35 சதவீதத்துக்குள் நிற்கட்டும். உங்களுக்கு அது 44,800. கார் தவணை போக 35,300; இதற்கு 20 வருடத்தில் கிடைப்பது 42 லட்சம் கடன். இன்றைய நிலையில் உங்கள் வீடு 50 லட்சத்தை ஒட்டியது. 10 லட்சம் முன்பணம், 4.5 லட்சம் பதிவு, மற்றவை 1.5 லட்சம் என்று 16 போனாலும் 2 லட்சம் மிஞ்சும். 40 லட்சம் கடனுக்கு அது ஆறு மாதத் தவணை.

மடிப்பாக்கம்தான் வேண்டும் என்றால் ஒரு ஒத்திகை பாருங்கள். தவணை 50,186, பராமரிப்பு 3,000. இதில் இப்போது கொடுக்கும் வாடகை 20,000-ஐக் கழித்தால் 33,186. இந்தத் தொகையைச் சம்பளம் வந்த மறுநாளே ஆர்.டி.யில் போடுங்கள். 22 மாதத்தில், வட்டி சேர்க்காமலே, குறைகிற 7 லட்சம் சேர்ந்துவிடும். அதற்குள் கார் லோனையும் முடித்துவிட்டால் தவணை 40 சதவீதத்துக்குள் வந்துவிடும். 35 இல்லை என்றாலும் சமாளிக்கக்கூடியது. நான்காவது மாதமே ஆர்.டி.யை உடைக்க வேண்டி வந்தால், அந்த வீட்டின் தவணையையும் உங்களால் கட்டியிருக்க முடியாது.

அந்தப் பகுதியில் எந்தப் பழைய ஃபிளாட் பார்த்தாலும் ஆவணத்தில் எங்கே இடிக்கும் என்று இப்போதே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கேட்க வேண்டியது அனுமதி பெற்ற வரைபடம். மடிப்பாக்கம் 2011-இல்தான் மாநகராட்சிக்குள் வந்தது. அதற்கு முன் பஞ்சாயத்து. பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்தை மட்டும் வைத்துப் போட்ட மனைப்பிரிவுகள் சுற்றுவட்டாரத்தில் ஏராளம். சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அனுமதியோ, அனுமதியில்லாத மனைகளுக்காக 2017-இல் வந்த வரன்முறைத் திட்டத்தில் பெற்ற உத்தரவோ இருக்கிறதா என்று பாருங்கள். வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு கட்டடத்தைச் சுற்றி வாருங்கள். எத்தனை மாடி, எத்தனை குடியிருப்பு என்று வரைபடம் சொல்கிறதோ அத்தனைதான் இருக்க வேண்டும். நான்கு வீட்டுக்கு அனுமதி வாங்கி ஆறு கட்டியிருப்பார்கள். கார் நிறுத்தத்தின் ஒரு மூலையை அடைத்து ஒரு ஃபிளாட் ஆக்கியிருப்பார்கள். நீங்கள் வாங்குவது அனுமதியில் இல்லாத அந்த வீடாக இருந்தால் வங்கியின் மதிப்பீட்டாளரே திருப்பி அனுப்பிவிடுவார். அதற்குள் உங்கள் அட்வான்ஸ் போயிருக்கும்.

அடுத்தது யூ.டி.எஸ்., அதாவது பிரிபடாத நிலப் பாகம். கட்டடத்துக்கு வயதாக ஆக விலை நிற்பது நிலத்தில்தான். இரண்டு கிரவுண்டில், அதாவது 4,800 சதுர அடியில், ஒரே அளவிலான எட்டு வீடு இருந்தால் உங்கள் பங்கு 600 வர வேண்டும். பத்திரத்தில் 420 என்று இருந்தால், மீதி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். பில்டர் தன் பெயரில் நிறுத்தி வைத்திருக்கலாம், பின்னால் மொட்டை மாடியில் உரிமை கொண்டாடலாம். எல்லாப் பத்திரங்களின் பங்கையும் கூட்டினால் பட்டாவில் உள்ள பரப்பைத் தாண்டவும் கூடாது. 2024-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் இடித்துக் கட்டலாம். அன்றைக்கு இந்த எண்தான் பேசும்.

வில்லங்கச் சான்றை, அதாவது அந்தச் சொத்தின் மேல் நடந்த பதிவுகளின் பட்டியலை, பதிவுத்துறை இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். 13 வருடத்துக்கு எடுத்த பிரிண்டை ஏஜென்ட் நீட்டுவார். குறைந்தது 30 வருடத்துக்குப் பாருங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் உரிய மூலப் பத்திரம் கைக்கு வர வேண்டும். பதிவு செய்யாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, நீதிமன்ற வழக்கு இவை வில்லங்கத்தில் தெரியாது. அதற்காகத்தான் வக்கீல். வங்கியின் வக்கீல் பார்ப்பது வங்கிக்காக. பத்தாயிரம் ஆனாலும் உங்களுக்கென்று ஒருவரை வையுங்கள். பரம்பரைச் சொத்தாக இருந்தால் வாரிசுச் சான்றில் உள்ள மகள்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். பவர் மூலம் நடந்த கிரயம் இருந்தால், அன்றைக்குப் பவர் கொடுத்தவர் உயிரோடு இருந்தாரா, பவர் ரத்தாகாமல் இருந்ததா என்பது முக்கியம். நிலப் பதிவேட்டில் புறம்போக்கு, அனாதீனம் (உரிமையாளர் இல்லாமல் அரசிடம் சேர்ந்த நிலம்), கோயில் நிலம் என்று வந்தால் மேற்கொண்டு பேசவே வேண்டாம்.

தண்ணீரைப் பத்திரம் சொல்லாது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தெருவில் எவ்வளவு நின்றது என்று தரைத்தள வீட்டாரிடமும் எதிர்க்கடைக்காரரிடமும் கேளுங்கள். மதில் சுவரில் கறைக் கோடு, இடுப்புயரத்திலிருந்து தலையுயரத்துக்கு மாற்றி வைத்த ஈ.பி. மீட்டர் பெட்டி இரண்டும் பொய் சொல்லாத சாட்சிகள். கோடையில் மாதம் எத்தனை லாரித் தண்ணீர் என்று சங்கத்தின் கணக்குப் புத்தகத்தில் பாருங்கள்.

புது ஃபிளாட் பார்த்தால் செலவுக் கணக்கு மாறும். முதல் விற்பனைக்கு 50 லட்சம் வரை 6 சதவீதம், 50 லட்சத்திலிருந்து 3 கோடி வரை 7 சதவீதம். கட்டுமானத்தில் இருந்தால் ஜி.எஸ்.டி. 5 சதவீதம் தனி. பணி நிறைவுச் சான்று வந்த பிறகு வாங்கினால் அது இல்லை. ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு பெற்ற திட்டத்தில், பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க பில்டருக்கு உரிமை கிடையாது. ஆறு வீட்டுச் சின்னக் கட்டடங்கள் பெரும்பாலும் ரெரா வரம்புக்குக் கீழே இருக்கும் என்பதால் இந்தப் பாதுகாப்பு அங்கே கிடைக்காது.

அட்வான்ஸ் கொடுக்கும் நாள் வந்தால், எவ்வளவு கொடுத்தாலும் வங்கி வழியாகவே கொடுங்கள். ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: ஆவணக் குறையால் வங்கி கடன் மறுத்தால், அட்வான்ஸ் முழுவதும் இத்தனை நாளில் திரும்பத் தரப்படும். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தத்தையும் பதிவு செய்ய வேண்டும். வெறும் முத்திரைத்தாளில் எழுதி வைத்துக்கொண்டு தகராறில் மாட்டுகிறவர்கள்தான் அதிகம். விற்பவருக்கு அந்த வீட்டின் மேல் கடன் இருந்தால், அசல் பத்திரங்களின் பட்டியலையும் பாக்கித் தொகைக் கடிதத்தையும் அவர் வங்கியிலிருந்து வாங்கித் தரச் சொல்லுங்கள். விலை 50 லட்சத்தைத் தொட்டாலே விற்பவருக்குத் தரும் தொகையில் ஒரு சதவீதத்தைப் பிடித்து, அவருடைய வரிக்கான டி.டி.எஸ்.ஸாக நீங்கள் கட்ட வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் இந்த ஒரு சதவீதம் பொருந்தாது, பிடித்தம் பல மடங்கு; ஆடிட்டரைக் கேட்காமல் பணத்தை விடாதீர்கள், குறைத்துப் பிடித்தால் மீதிக்கு நீங்கள்தான் பொறுப்பு.

கடன் கையெழுத்தின்போது முக்கியத் தகவல் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். எல்லாக் கட்டணமும் சேர்ந்த உண்மையான வருட வட்டி அதில் இருக்கும். ஒரே பிரீமியமாகக் கடனோடு சேர்த்துவிடும் இன்ஷூரன்ஸை மறுக்கலாம். அதற்கு 20 வருடம் வட்டியும் கட்டுவீர்கள். இருவருக்கும் தனியாக டேர்ம் பாலிசி எடுப்பது மலிவு. வரிச் சலுகைக்காகப் பெரிய கடன் வாங்காதீர்கள். புதிய வரி முறையில், குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குக் கழிவு இல்லை.

மிதக்கும் வட்டிக் கடனில் தனிநபருக்கு முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது. அதை ஆரம்ப வருடங்களிலேயே பயன்படுத்துங்கள். மேலே சொன்ன 60 லட்சம் கடனில் முதல் வருட முடிவில் 5 லட்சம் கட்டினால் சுமார் 40 மாதத் தவணை குறையும். அதே 5 லட்சத்தை 15-ஆம் வருட முடிவில் கட்டினால் 14 மாதம்தான். பெரிய தொகை இல்லையென்றால் போனஸ் மாதத்தில் வருடத்துக்கு ஒரு தவணை கூடுதலாகப் போடுங்கள், மூன்று வருடத்துக்கு மேல் முன்னதாக முடியும். ஒவ்வொரு முறையும் தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்து, புதிய அட்டவணையை வாங்கிப் பாருங்கள்.

கடன் முடிந்ததும் 30 நாளுக்குள் அசல் பத்திரங்களை வங்கி திருப்பித் தர வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. பத்திரம் கைக்கு வந்ததோடு விட்டுவிடாமல், அடமானத்தை ரத்து செய்யும் ரசீது ஆவணத்தையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். அது பதியாத வரை, கட்டி முடித்த கடன் வில்லங்கச் சான்றில் நிற்கும்.