நூறு ரெஸ்யூமே வேண்டாம், இருபது கம்பெனி போதும்

கேள்வி: ஓரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் 11 ஆண்டுகள் குவாலிட்டி இன்ஜினியராக இருந்தேன். இன்ஜின் பாகம் செய்த லைனை மூடிவிட்டதால் மூன்று மாதமாக வேலை இல்லை. நௌக்ரி, லிங்க்டின் இரண்டிலும் தினமும் விண்ணப்பிக்கிறேன், பதிலே வருவதில்லை. “சொந்தத் தொழில் நடத்துகிறவன் மாதிரி யோசித்துத் தேடு” என்கிறார் மாமா. அப்படியென்றால் நாளைக் காலையில் நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: உங்கள் மாமா சொன்னது நல்ல யோசனை. ஆனால் செய்முறை இல்லாமல் அது வெறும் உற்சாகப் பேச்சாகப் போய்விடும். தொழில் நடத்துகிறவர் முதலில் பார்ப்பது மூன்று விஷயங்கள்: தன் சரக்கு இப்போது யாருக்குத் தேவை, அவரிடம் பணம் இருக்கிறதா, வாங்கலாம் என்று முடிவெடுப்பது யார். நீங்கள் இதுவரை செய்தது இந்த மூன்றையும் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே ரெஸ்யூமேயை அனுப்பியது.

சரக்கிலிருந்து தொடங்குவோம். ஐ.ஏ.டி.எஃப் 16949 (வாகனத் துறையின் தர விதிமுறை), பி.பி.ஏ.பி (புதுப் பாகத்துக்கு கஸ்டமரின் ஒப்புதல் வாங்கும் முறை), 8டி (எட்டுப் படிகளில் குறையைத் தீர்க்கும் முறை) தெரியும் என்று உங்கள் துறையில் எல்லோரும் எழுதுகிறார்கள். பிளான்ட் ஹெட்டின் கவலை வேறு. புதுப் பாகத்துக்கு கஸ்டமர் அப்ரூவல் வரவில்லை, கஸ்டமர் லைனில் ரிஜெக்‌ஷன் ஏறுகிறது, ஆடிட்டில் எழுதிய குறைகளை மூட முடியவில்லை. இவற்றில் நீங்கள் நேரடியாகத் தீர்த்த மூன்று சம்பவங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் ஐந்தாறு வரியில் எழுதுங்கள். என்ன பாகம், ரிஜெக்‌ஷன் எவ்வளவு இருந்தது, காரணம் எங்கே கிடைத்தது, எதை மாற்றினீர்கள், பிறகு எவ்வளவு ஆனது. ரெஸ்யூமேயின் முதல் பக்கத்தில் இதுதான் இருக்க வேண்டும். பழைய கம்பெனியின் டிராயிங், கஸ்டமர் ரிப்போர்ட் எதையும் வெளியே காட்டாதீர்கள். அதைக் காட்டுகிறவரை நம்பி யாரும் தங்கள் டிராயிங்கைக் கொடுக்க மாட்டார்கள்.

அடுத்தது சந்தை. மின்சார காரில் இன்ஜின், சைலன்சர், ஃபியூயல் இன்ஜெக்டர் எதுவும் கிடையாது. அந்தப் பாகங்களையே செய்யும் இன்னொரு கம்பெனியில் சேர்ந்தால் சில ஆண்டுகளில் இதே நிலைமை திரும்பக்கூடும். பிரேக், ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், சீட் ஆகியவை எல்லா வண்டிக்கும் வேண்டும். மோட்டார் ஹவுசிங் போன்ற அலுமினிய டை காஸ்டிங் (உலோகத்தை உருக்கி அச்சில் வார்க்கும்) பாகங்களுக்கும் சி.எம்.எம் என்ற துல்லிய அளவு மெஷினில் அளந்து, டிராயிங்கில் உள்ள ஜி.டி அண்ட் டி குறியீடுகளை (அளவும் வடிவமும் எவ்வளவு விலகலாம் என்று காட்டுபவை) படித்து முடிவு சொல்லும் ஆள் தேவை. அதில் உங்களுக்கு 11 ஆண்டு அனுபவம் இருக்கிறது. ஓரகடம், ஸ்ரீபெரும்புதூரோடு நிறுத்தாமல் ஓசூரையும் சேர்த்து இருபது கம்பெனிகளைப் பட்டியலிடுங்கள்.

அந்த இருபதையும் படிப்பதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். வேலை தேடுகிறவர்களில் மிகச் சிலரே இதைச் செய்கிறார்கள் என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம். வங்கிக் கடன் வாங்கிய நடுத்தரக் கம்பெனிகள் பலவற்றுக்கு கிரிசில், இக்ரா, கேர் போன்ற நிறுவனங்கள், கடனைத் திருப்பிக் கட்டும் திறனைப் பார்த்து ரேட்டிங் கொடுக்கின்றன. ஏன் அந்த ரேட்டிங் என்று விளக்கும் அறிக்கை அவர்கள் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். கம்பெனிப் பெயரோடு ‘ரேட்டிங் ரேஷனேல்’ என்று தேடுங்கள். பெரிய கஸ்டமர் யார், புது பிளான்ட் போடுகிறார்களா, கடன் கழுத்தை நெரிக்கிறதா என்பதெல்லாம் பெரும்பாலும் அதில் இருக்கும். புது பிளான்ட் என்றால் புதுப் பாகங்கள், புதுப் பாகங்கள் என்றால் பி.பி.ஏ.பி வேலை. இன்டர்வியூவில் எதைப் பற்றிப் பேசுவது என்பதும் அங்கேயே கிடைத்துவிடும்.

அதோடு பி.எஃப்-ஐ நிர்வகிக்கும் அரசு அமைப்பான இ.பி.எஃப்.ஓ-வின் தளத்தில் ‘எஸ்டாபிளிஷ்மென்ட் சர்ச்’ பகுதியில் கம்பெனிப் பெயரைப் போட்டால், மாதாமாதம் பி.எஃப் கட்டிய தேதியும் எத்தனை பேருக்குக் கட்டினார்கள் என்பதும் தெரியும். தேதி தள்ளிக்கொண்டே போனாலோ ஆள் எண்ணிக்கை தொடர்ந்து குறைந்தாலோ கவனமாக இருங்கள். கடைக்காரர் பத்துப் பேருக்கு விற்கலாம், ஒருவர் ஏமாற்றினாலும் தாங்கிக்கொள்வார். உங்களுக்கு ஒரு நேரத்தில் ஒரே கஸ்டமர்தான். அதனால் அவரை நீங்களும் சோதிக்க வேண்டும்.

முடிவெடுப்பவர் குவாலிட்டி ஹெட் அல்லது பிளான்ட் ஹெட். ஹெச்.ஆர் பெரும்பாலும் அவர்கள் கேட்ட ஆளைத் தேடித் தருபவர். அவர்களை எட்டுவதற்கு உங்களிடம் வழி இருக்கிறது. கேஜ், கட்டிங் டூல் விற்க வருகிற சேல்ஸ் இன்ஜினியர்கள், அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் காலிபரேஷன் லேப் ஆட்கள், கஸ்டமர் கம்பெனி சார்பில் சப்ளையர்களின் தரத்தைப் பார்க்க வரும் குவாலிட்டி இன்ஜினியர்கள் எல்லாம் ஊரில் உள்ள எல்லா பிளான்ட்டுக்குள்ளும் போய்வருகிறவர்கள். எங்கே ஆள் போதவில்லை என்று விளம்பரம் வருவதற்கு முன்பே அவர்களுக்குத் தெரிந்துவிடும். கூச்சப்படாமல் போன் செய்யுங்கள். “ஏதாவது வேலை இருந்தா சொல்லுங்க” என்று பொதுவாகக் கேட்டால் மறந்துவிடுவார்கள். “அலுமினிய மெஷினிங், புதுப் பார்ட் அப்ரூவல் வேலை, இந்த நாலு கம்பெனியில் யாரைப் பார்க்கலாம்?” என்று கேளுங்கள். வேலைக்காக யாராவது பணம் கேட்டால், எந்தப் பெயரில் கேட்டாலும், அத்தோடு பேச்சை நிறுத்துங்கள்.

விலை, அதாவது சம்பளம், பேசும்போது சி.டி.சி-யை (உங்களுக்காக கம்பெனி செய்யும் மொத்த ஆண்டுச் செலவு) மட்டும் பார்க்காதீர்கள். கம்பெனி பங்கு பி.எஃப், கிராஜுவிட்டிக்காக (பணிக்கொடை) அடிப்படைச் சம்பளத்தில் ஒதுக்கும் 4.81 சதவீதம் இரண்டையும் அதற்குள்ளேயே அடக்கிச் சொல்வது வழக்கம். இவற்றைக் கழித்தபின் கைக்கு வருவதைக் கேட்டு ஒப்பிடுங்கள். வீட்டுச் செலவுக்கு எத்தனை மாதம் கையிருப்பு தாங்கும் என்பதையும் இன்றே வீட்டாரோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். அது தெரியாமல் பேசினால் முதலில் வருகிற எண்ணுக்கே தலையாட்டிவிடுவீர்கள்.

கையிருப்பு குறைவென்றால் இன்னொரு வழியும் உண்டு. அம்பத்தூர், திருமுடிவாக்கம் எஸ்டேட்களில் உள்ள சிறிய மெஷின் ஷாப்களில் பி.பி.ஏ.பி ஃபைல் தயாரிக்கவும் ஆடிட்டுக்கு முன் ஆவணங்களைச் சரிசெய்யவும் முழுநேர ஆள் வைத்துக் கட்டுப்படியாகாது. நாள் கணக்கில் செய்து கொடுங்கள். சேவைத் தொழிலில் ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை பொதுவாக ஜி.எஸ்.டி பதிவு தேவையில்லை. என்ன வேலை, எத்தனை நாள், எவ்வளவு தொகை என்பதை ஒரு மெயிலிலாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். “இந்த மூன்று மாதம் என்ன செய்தீர்கள்?” என்று இன்டர்வியூவில் கேட்கும்போது அந்த மெயிலைக் காட்டியே பதில் சொல்லலாம்.