சூரியனுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி

வணக்கம் சார்,

நான் ஒத்தக்கடையில் தையல் கடை வைத்திருக்கிறேன். உங்கள் தளத்தை இரண்டு வருடமாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. என் மகன் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான். போன மாதம் சொந்தக்காரர்கள் குரூப்பில் ஒரு வீடியோ வந்தது. சூரியனுக்குப் பக்கத்தில் பெரிய உருண்டை ஒன்று நிற்கிறது, இரண்டு பக்கமும் இறக்கை இருக்கிறது, அது வேற்றுக் கிரகக் கப்பல் அல்லது இன்னொரு கோள், நாசா மறைக்கிறது என்று அதில் சொல்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு பையன் மொட்டை மாடிக்குப் போய்ச் சாயங்காலச் சூரியனை என் போனில் படம் எடுத்தான். அதிலும் பச்சையாக ஒரு உருண்டை விழுந்திருக்கிறது. அன்றிலிருந்து ராத்திரி சரியாகத் தூங்குவதில்லை. "நம்ம போன்லயே தெரியுதேம்மா" என்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. இரண்டு படத்தையும் இணைத்திருக்கிறேன். உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா? ஒன்றும் இல்லையென்றால் எதற்கு மறைக்கிறார்கள் என்று சொல்கிறார்கள்?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள சகோதரி,

முதலில் பையன் எடுத்த படத்தைப் பார்ப்போம். வீடியோவைவிட எனக்கு அதுதான் முக்கியம். கேட்டதை அப்படியே நம்பாமல் மாடி ஏறிப் போய்த் தானே பார்த்திருக்கிறான். அந்தக் குணத்தைப் பயம் தின்றுவிடக் கூடாது.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேலே இடது பக்கம் சூரியன். கீழே வலது பக்கம் பச்சைப் புள்ளி. அந்த இடத்தில் பக்கத்து வீட்டு டிஷ் ஆன்டெனா இருக்கிறது, கவனித்தீர்களா? பச்சைப் புள்ளி ஆன்டெனாவுக்குப் பின்னால் மறையவில்லை, அதன் மேலேயே விழுந்திருக்கிறது. வானத்தில் கோடிக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு பொருள் பக்கத்து வீட்டு ஆன்டெனாவுக்கு முன்னால் வர முடியாது. அப்படியென்றால் அது வானத்தில் இல்லை, போனுக்குள்தான் இருக்கிறது.

போன் கேமராவில் ஒரே ஒரு கண்ணாடி இல்லை, சின்னச் சின்ன லென்ஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியிருக்கும். கூசுகிற வெளிச்சம் உள்ளே வந்தால் அதில் கொஞ்சம் இந்தப் பரப்புகளுக்கு நடுவே முட்டித் திரும்பி வேறொரு இடத்தில் விழும். ராத்திரி மேலூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து கண்ணாடி வழியாகப் பார்த்தால், பஸ்ஸுக்குள் எரிகிற விளக்கு வெளியே வயலுக்கு மேல் தொங்குவது போலத் தெரியுமே, அதே கதைதான். பச்சையாகவும் நீலமாகவும் தெரிவது லென்ஸ் மேல் பூசியிருக்கும் பூச்சினால்.

இதை நான் சொல்கிறேன் என்று அவன் நம்ப வேண்டாம். இன்று ராத்திரி வாசலில் நின்று தெருவிளக்கைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். நேற்று நானும் எடுத்துப் பார்த்தேன். விளக்கு படத்தின் இடது மூலையில் இருந்தபோது புள்ளி வலது மூலையில் இருந்தது. போனை மெதுவாகத் திருப்பி விளக்கை நடுவுக்குக் கொண்டு வர வர, புள்ளியும் எதிர்ப்பக்கத்திலிருந்து நடுவை நோக்கி வந்தது. விளக்கிலிருந்து படத்தின் நடுப்புள்ளி வழியாக ஒரு கோடு போட்டால் அது பச்சைப் புள்ளியில் போய் முடியும். பையனின் சூரியப் படத்திலும் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், அப்படியே இருக்கிறது. 'இரண்டாவது சூரியன்' என்று சுற்றுகிற படங்களில் நிறைய இந்த வகைதான். ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: சூரியனை வெறும் கண்ணால் உற்றுப் பார்க்கவே கூடாது. சோதனைக்குத் தெருவிளக்கே போதும்.

சரி, அடுத்து வீடியோவில் வந்த இறக்கை வைத்த உருண்டை. இந்தப் படம் எனக்குப் பழக்கமானது. ஐரோப்பிய விண்வெளி நிறுவனமும் நாசாவும் சேர்ந்து 1995 டிசம்பரில் ஏவிய சோஹோ விண்கலம் எடுத்தது. பூமியிலிருந்து சூரியன் இருக்கும் திசையில் சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று பார்க்கிற கலம் அது. நடுவில் ஒரு வட்டத் தகடு சூரியனை மறைத்துக்கொண்டு நிற்கும். வெயிலில் தூரத்தில் வருகிறவரைப் பார்க்க நாம் கையால் நெற்றியை மறைத்துக்கொள்வோமே, அதே உபாயம். மறைத்த வட்டத்துக்குள் வெள்ளைக் கோட்டில் சின்ன வட்டம் ஒன்று போட்டிருப்பார்கள், அதுதான் சூரியனின் உண்மையான அளவு. படத்தின் நீல நிறம் சூரியனுடையது இல்லை. எந்தக் கேமரா எடுத்த படம் என்று தெரிவதற்காகப் பிறகு ஏற்றிய நிறம்.

அந்தக் கேமரா, சூரியனைச் சுற்றியிருக்கும் மிக மங்கலான ஒளியைப் பிடிப்பதற்காகச் செய்தது. வெள்ளியோ புதனோ அந்த வழியாக வந்தால் அதற்குத் தாங்காத வெளிச்சம். குடிதண்ணீர் லாரி வருமுன் தெருவில் குடங்களை வரிசையாக வைத்திருப்போம் இல்லையா? ஒரு குடம் நிறைந்த பிறகும் குழாயை எடுக்காவிட்டால் தண்ணீர் வழிந்து பக்கத்துக் குடங்களுக்குள் போகும். கேமராவின் உள்ளே இருக்கும் தகட்டிலும் ஒளியைச் சேர்க்கும் நுண்ணிய கட்டங்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. ஒரு கட்டம் நிறைந்தால் அதே வரிசையில் இடமும் வலமும் வழியும். அந்த வழிசல்தான் இறக்கை. அது எப்போதும் படுக்கைக் கோடாகவே இருக்கும், ஒரு தடவைகூடச் சாய்ந்து இருக்காது. கப்பலாக இருந்தால் ஒரு நாளாவது திரும்பியிருக்க வேண்டுமே.

இதுபோல இன்னும் இரண்டு படங்கள் அடிக்கடி சுற்றுகின்றன, அவையும் உங்கள் குரூப்புக்கு வரும். 2011 டிசம்பரில், சூரியனைக் கண்காணிக்கும் நாசாவின் ஸ்டீரியோ விண்கலத்தின் படத்தில் புதன் கோளுக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று 'மறைந்து நிற்கிறது' என்றார்கள். படத்தில் மாறாமல் இருக்கும் ஒளியை நீக்க, முந்தின நாள் படங்களின் சராசரியை இன்றைய படத்திலிருந்து கழிப்பது வழக்கம். புதன் நேற்று இருந்த இடத்தில் அந்தக் கழித்தலின் தடம் நின்றுவிட்டது. பிரித்த தையலில் ஊசித்தடம் தெரிவதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

2012 மார்ச்சில் வந்தது இன்னும் அழகான படம். சூரியனின் விளிம்பில் கறுப்பாக ஓர் உருண்டை, அதிலிருந்து சூரியனுக்கு ஒரு குழாய் போல. கப்பல் எரிபொருள் நிரப்புகிறது என்றார்கள். சூரியனின் காந்தப் புலம் தாங்கிப் பிடித்திருக்கும், சுற்றியிருப்பதைவிடக் குளிர்ந்த வாயுத் திரள் அந்தக் குழாய். அதற்கு மேலே சுரங்கப்பாதை மாதிரி நீளமாக அடர்த்தி குறைந்த ஓர் இடம் இருக்கும். சுரங்கத்தை வாய்ப்பக்கத்திலிருந்து பார்த்தால் வட்டமாகத்தான் தெரியும். பூமியைவிடப் பலமடங்கு பெரிய ஒரு வாயுச் சுரங்கம் அந்தரத்தில் நிற்கிறது! கப்பல் கதையை விட எனக்கு இதுதான் மயிர்க்கூச்செறிய வைக்கிறது.

இப்போது உங்கள் கேள்வி, "உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா?" இதைச் சாதாரணக் கேள்வி என்று நினைத்துவிடாதீர்கள். பெரிய பெரிய மூளைகள் அரை நூற்றாண்டு இதே கேள்வியோடு அலைந்திருக்கின்றன.

பிரான்சில் லெவெரியே என்ற கணித மேதை இருந்தார். நெப்டியூன் எங்கே இருக்கும் என்று காகிதத்தில் கணக்குப் போட்டே சொன்னவர். அவர் சொன்ன இடத்துக்குப் பக்கத்திலேயே 1846ல் அதைக் கண்டுபிடித்தார்கள். அதே மனிதர் 1859ல், புதனின் பாதை கணக்கோடு கொஞ்சம் ஒத்துவரவில்லை, சூரியனுக்கும் புதனுக்கும் நடுவே இன்னொரு கோள் இருக்க வேண்டும் என்றார். கிராமத்து மருத்துவர் ஒருவர், சூரியனின் முகத்தைக் கடந்து ஒரு கரும்புள்ளி போனதைப் பார்த்ததாக எழுதினார். லெவெரியே நேரில் போய் அவரை விசாரித்து நம்பினார். கோளுக்கு வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று. அப்புறம் ஒவ்வொரு முழு சூரிய கிரகணத்திலும் தேடினார்கள். 1878ல் அமெரிக்காவில் கிரகணத்தின்போது இரண்டு பேர் பார்த்துவிட்டதாகவே அறிவித்தார்கள். மறுபடி தேடியபோது அது எங்கும் இல்லை. கடைசியில் 1915ல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல், அதாவது ஈர்ப்பு பற்றி அவர் சொன்ன புதிய கொள்கை, புதனின் அந்தப் பிசகுக்குக் காரணம் சொன்னது. கோளே தேவைப்படவில்லை.

அந்தப் பிசகு எவ்வளவு தெரியுமா? நூறு வருடத்துக்கு 43 விகலை. பஞ்சாங்கத்தில் பாகை, கலை, விகலை என்று வருமே, அந்த விகலைதான். முழு நிலாவின் அகலம் கிட்டத்தட்ட 1800 விகலை. அதில் நாற்பதில் ஒரு பங்கு, அதுவும் நூறு வருடத்தில். இத்தனை சின்னப் பிசகையே பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிடித்துவிட்டார்கள். வீடியோக்காரர் சொல்கிற மாதிரி ஒரு பெரிய கோள் சூரியனுக்குப் பக்கத்தில் வந்து நின்றால் புதன் முதலில் காட்டிக்கொடுக்கும், அப்புறம் வெள்ளி, அப்புறம் பூமி. கிரகணங்கள் நிமிடக் கணக்குப்படி வராது. 2019 டிசம்பர் 26 அன்று திண்டுக்கல் பக்கம் சூரியன் நெருப்பு வளையமாகத் தெரிந்ததே, அது பல வருடம் முன்பே கணக்கிட்டுச் சொன்ன நேரத்தில்தான் நடந்தது. அழகர் ஆற்றில் இறங்கும் சித்ரா பௌர்ணமியும் சூரியனும் நிலாவும் எங்கே இருக்கும் என்ற கணக்கை நம்பித்தான் நிற்கிறது. ஒரு படத்தை மறைக்கலாம், ஒரு கோளின் இழுப்பை யார் மறைக்க முடியும்?

மறைப்பது பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீடியோவில் காட்டிய அந்தப் படம் அவர்களுக்கு எங்கிருந்து கிடைத்தது? சோஹோ படங்களை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எடுத்துக்கொள்ளலாம். சூரியனை உரசிப் போகும் வால்வெள்ளிகளை அந்தப் படங்களில் தேடிக் கண்டுபிடிப்பவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காத ஆர்வலர்கள். 2024 மார்ச்சில் அப்படிக் கண்டுபிடித்த வால்வெள்ளிகளின் எண்ணிக்கை ஐயாயிரத்தைத் தொட்டது. ஆக, சூரியனுக்குப் பக்கத்தில் நிஜமாகவே 'ஏதோ ஒன்று' வந்துகொண்டேதான் இருக்கிறது. பெரும்பாலானவை ஆவியாகிப் போகும். 2011 டிசம்பரில் லவ்ஜாய் வால்வெள்ளி சூரியனின் பரப்பிலிருந்து சுமார் 1.4 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் புகுந்து மறுபக்கம் வெளியே வந்தபோது வானியலாளர்களே அசந்துபோனார்கள்.

2025ல் 3ஐ அட்லஸ் விஷயத்தில் நாசா மறைக்கிறது என்ற சந்தேகம் வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது, அதை நான் மறுக்க மாட்டேன். நம் சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த வால்வெள்ளி அது. அக்டோபர் தொடக்கத்தில் செவ்வாய்க்கு அருகில் போனபோது நாசாவின் செவ்வாய்க் கலம் எடுத்த படம் நவம்பர் 19 அன்றுதான் வெளியே வந்தது. நடுவில் அமெரிக்க அரசு நிதி ஒப்புதல் இல்லாமல் ஆறு வாரம் முடங்கிக் கிடந்தது. அதே நேரத்தில் ஐரோப்பியக் கலம் செவ்வாயிலிருந்து எடுத்த படத்தை அக்டோபர் முதல் வாரம் முடிவதற்குள் வெளியிட்டுவிட்டார்கள். உலகம் முழுக்க எத்தனையோ பேர் சொந்தத் தொலைநோக்கியில் அதைப் பார்த்தார்கள். நம் ஆதித்யா எல்1 கலமும் 2024 ஜனவரியிலிருந்து சோஹோ இருக்கும் அதே வட்டாரத்தில் நின்று சூரியனைப் பார்க்கிறது. அந்தத் திட்டத்தை நடத்திய நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். எல்லா நாட்டுக்காரர்களும் சேர்ந்து ஒரே விஷயத்தை மறைக்கிறார்கள் என்றால், செங்கோட்டைக்காரரும் சேர்ந்துதான் மறைக்க வேண்டும்.

ஒரு நாள் விடிகாலை ஆரப்பாளையத்தில் பஸ் பிடித்துப் பையனைக் கொடைக்கானலுக்குக் கூட்டிப் போங்கள். படகுக்கும் குதிரைக்கும் முன்னால் சூரிய ஆய்வகத்துக்குப் போங்கள், அருங்காட்சியகம் இருக்கிறது. 1899ல் தொடங்கிய இடம். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாக ஓடுவதை எவர்ஷெட் என்ற ஆங்கிலேய வானியலாளர் 1909ல் அங்கேதான் கண்டுபிடித்தார். நூறு வருடத்துக்கும் மேலாக, மேகம் விட்ட நாளெல்லாம் சூரியனைப் படம் எடுத்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். நம் மதுரை வெயிலுக்குப் பயந்து மலை ஏறுகிறோம். அங்கே தலைமுறை தலைமுறையாகச் சிலர் அந்த வெயிலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியட்டும்.

அதற்கு முன்னால் அவனுக்கு ஒரு வேலை கொடுங்கள். கத்திரி வெயிலை ஏன் அக்னி நட்சத்திரம் என்கிறோம்? சூரியன் கார்த்திகை நட்சத்திரத்தை ஒட்டிப் போகிற காலம் அது. பகல் வெளிச்சத்தில் அந்த நட்சத்திரங்களை யாரும் பார்க்க முடியாது. ஆனால் சோஹோவின் நீலப் படங்களில் மே 20ஐ ஒட்டிய நாட்களை, எந்த வருடமானாலும் சரி, எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மறைத்த சூரியனுக்குப் பக்கத்தில் ஆறேழு புள்ளிகள் கொத்தாக நிற்கும். அவற்றை அவனே கண்டுபிடித்து வட்டம் போட்டு எனக்கு அனுப்பட்டும். தெருவிளக்குப் படங்களையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். பார்த்துவிட்டு நான் அவனுக்கே எழுதுகிறேன்.